பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கும் முன் ரேமைப் பாருங்கள்

(மஹல்லா குடும்பங்களுக்கான கல்வி உதவிக் கூட்டத்தில், அறக்கட்டளையின் கணினி உதவிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி திறக்கும் மாதங்களில் நமது அறக்கட்டளைக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு மனுக்கள் வருகின்றன. அவற்றில் கம்ப்யூட்டருக்காக வருபவையும் உண்டு. "வீட்டில் சிஸ்டம் இருக்கிறது, ஆனால் பழசு. எதைத் திறந்தாலும் ஹேங் ஆகிறது. பிள்ளை படிக்க முடியவில்லை, புதிது வாங்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். சபரில் இருக்கும் வாப்பாவிடம் கேட்டிருப்பார்கள். அவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருப்பார். வளையலை வைத்து வாங்கிவிடலாமா என்று உம்மா யோசித்துக்கொண்டிருப்பார். தவணைக்குத் தருகிறோம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அந்தத் தவணைக்குள் வட்டி இருக்கும்.

அப்படி ஒரு மனு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பழைய சிஸ்டத்தில் ரேம் எவ்வளவு இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை தெரிவதில்லை. வாங்கியபோது யாரோ வாங்கிக் கொடுத்தது, அல்லது அலுவலகத்தில் கழித்துக் கட்டியதை உறவினர் கொண்டுவந்து கொடுத்தது. அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறோம். புதிது வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்குவதற்கு முன், கையில் இருப்பதற்குக் கொஞ்சம் ரேம் சேர்த்தால் போதுமா என்று பார்த்துவிடுங்கள். போதுமென்றால் மிச்சமாகும் பணம் செமஸ்டர் கட்டணத்துக்குப் போகும்.

ரேம் என்றால் என்ன என்பதை இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். கல்யாண வீட்டில் பண்டாரி சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி மூட்டை, நெய் டின், மசாலா எல்லாம் சாமான் அறையில் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் எடுத்து வைத்திருப்பார். கம்ப்யூட்டரில் பண்டாரி என்பது பிராசஸர். சாமான் அறை ஹார்டு டிஸ்க். அந்தப் பலகைதான் ரேம். பலகை சிறிதாக இருந்தால், இஞ்சி விழுதுக்கு இடம் பண்ணத் தயிர்ச் சட்டியைச் சாமான் அறைக்குத் திருப்பி அனுப்புவார். தயிர் வேண்டும்போது விழுதை அனுப்பிவிட்டுத் தயிரைக் கொண்டுவரச் சொல்வார். எடுபிடிப் பையன் ஓடிக்கொண்டே இருப்பான். பண்டாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நம் வீட்டு சிஸ்டம் ஹேங் ஆகும்போது உள்ளே நடப்பது இதுதான். சிபியு பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சிறிய விளக்கு விடாமல் எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் ரேம் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுத்துவிடும். அவ்வளவு வித்தியாசம். அந்த இடத்தில் பண்டாரியை மாற்றினால் தீராது, பலகையைப் பெரிதாக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் 2 ஜிபி ரேமுடன் வாங்கிய சிஸ்டம் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. இன்றைக்கு விண்டோஸ் 10 சும்மா எழுந்து உட்கார்ந்தாலே ஒன்றரை முதல் இரண்டு ஜிபி வரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் குரோமில் நாலைந்து பக்கம், ஒரு ஆன்லைன் வகுப்பு, பக்கத்தில் ஒரு டேலி. பலகையில் இடம் எங்கே இருக்கிறது?

ரேம்தான் பிரச்சினையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை வழக்கமாக என்னவெல்லாம் திறந்து வைத்திருப்பாளோ அத்தனையும் திறக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. மொத்தம் எவ்வளவு, பயன்பாட்டில் எவ்வளவு என்று காட்டும். பயன்பாடு 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம். பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் சிஸ்டம் தவழ்கிறது என்றால் அங்கே ரேம் வாங்கிப் போடுவது வீண். அதே திரையில் டிஸ்க் என்பதைப் பாருங்கள். அது 100 சதவீதத்தில் நின்றால், ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது. அப்போது ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுவதுதான் வழி. இரண்டும் குறையாக இருக்கும் வீடுகளும் உண்டு. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 2 ஜிபி ரேம் உள்ள சிஸ்டத்துக்கு முதலில் ரேம். 4 ஜிபி இருந்து அது நிரம்பாமல் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. இது எங்கள் கணக்கு.

அந்த மெமரி திரையின் கீழே, விண்டோஸ் 10 என்றால், ஸ்லாட் எத்தனையில் எத்தனை பயன்படுகிறது என்றும் எழுதியிருக்கும். "2-இல் 1" என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. இருப்பதை எடுக்காமலே இன்னொன்று செருகலாம்.

இங்கே ஒரு தடங்கலைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. வீட்டில் போட்டிருப்பது 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அது கண்டுகொள்ளாது. 4 ஜிபியிலும் மூன்று, மூன்றரைதான் கைக்கு வரும். மை கம்ப்யூட்டர் மீது வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் எந்த வகை என்று தெரியும். 32 பிட் என்றால், ரேமை 4 ஜிபிக்கு மேல் ஏற்றுவதற்கு 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். அதற்கு முன் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். 8 ஜிபி போட்டும் ஒரு மாற்றமும் இல்லை என்று எங்களிடம் வந்த சிஸ்டங்களில் இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

இனி எந்த ரேம் வாங்குவது? பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ரேமில் தலைமுறை உண்டு. டிடிஆர் 2, டிடிஆர் 3, டிடிஆர் 4 என்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அடிப்பக்கம் தங்க நிறக் கோடுகளுக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும்; அது ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு இடத்தில் இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள், மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர் 2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர் 3-க்கு 1.5, டிடிஆர் 4-க்கு 1.2. டிடிஆர் 2-க்கும் 3-க்கும் கோடுகளின் எண்ணிக்கை 240 என்று ஒன்றாகவே இருப்பதால், பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். ஏமாந்துவிடக் கூடாது.

இருக்கிற ரேமைக் கழற்றி அதன் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் படித்தால் போதும். பிசி2 என்று தொடங்கும் எண் இருந்தால் டிடிஆர் 2. பிசி3 என்றால் டிடிஆர் 3. பிசி4 என்றால் டிடிஆர் 4. அதை அடுத்து வரும் எண் வேகம்: பிசி3-10600 என்பதும் 1333 என்பதும் ஒன்று, பிசி3-12800 என்பதும் 1600 என்பதும் ஒன்று. வேகம் வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் சேர்ந்து ஓடும். ஆனால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்குத்தான் ஓடும். அந்த எண்ணை ஒட்டிக் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும், அதைப் பலரும் பார்ப்பதில்லை. 'யு' என்றால் நம் மேசைக் கணினிக்கானது. 'எஸ்' என்றால் மடிக்கணினிக்கானது. நீளமும் குறைவாக இருக்கும். 'ஆர்' என்றால் அது சர்வர் ரேம். பழைய சாமான் சந்தையில் 8 ஜிபி, 16 ஜிபி என்று நம்ப முடியாத விலைக்குக் கிடைப்பது பல நேரம் இந்த சர்வர் ரேம்தான். வீட்டு மதர்போர்டில் அது வேலை செய்யாது.

அரசு கொடுத்த மடிக்கணினி கெட்டுக் கிடக்கிறது, அதன் ரேமை எடுத்து இதில் போடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போட முடியாது, அளவே வேறு. ஆனால் அலுவலகங்களிலிருந்து வரும், தடித்த புத்தகம் அளவே உள்ள குட்டிக் கணினிகள் சிலவற்றில் மடிக்கணினி ரேம்தான் போடுவார்கள். அங்கே அது உதவும்.

அடுத்து, மதர்போர்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் உள்ள அசெம்பிள்டு சிஸ்டங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது நான்கைந்து வகைதான். ஜி31 என்றால் டிடிஆர் 2, அதிகபட்சம் 4 ஜிபி. ஜி41 என்றால் டிடிஆர் 2 அல்லது 3, அதிகபட்சம் 8 ஜிபி. இந்த இரண்டும் டூயல் கோர், கோர் 2 டூவோ காலத்தவை. எச்61 என்றால் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5-க்கானது. டிடிஆர் 3, 16 ஜிபி வரை. எச்81 நான்காம் தலைமுறைக்கானது. அதுவும் 16 ஜிபி வரை. இந்தப் பெயர் மதர்போர்டின் மேலேயே, பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவில், பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெட்டியைத் திறக்காமலே இவை எல்லாம் தெரியும்.

இந்த ஜி41 போர்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதனால் ஒரு வீடு பட்ட பாட்டைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு சகோதரி. மகள் பி.காம் படிக்கிறாள். டூயல் கோர் சிஸ்டம், 2 ஜிபி ரேம், ஒரு ஸ்லாட் காலி. ஆன்லைன் வகுப்பில் குரல் விட்டு விட்டு வருகிறது என்று ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே ஒரு 4 ஜிபி ரேமைச் செருகியிருக்கிறார்கள். சிஸ்டம் எழவில்லை, பீப் பீப் என்று கத்தியது. "மதர்போர்டு போச்சும்மா, இதற்கு மேல் இதில் செலவு பண்ணாதீர்கள், வேறு தருகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சகோதரி சிஸ்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, எங்களிடம் கடன் மனு கொடுத்தார்.

நாங்கள் பார்த்தபோது மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பழைய ரேமை மட்டும் வைத்துப் போட்டால் சிஸ்டம் எழுந்துகொண்டது. விஷயம் என்னவென்றால், ரேம் பலகையில் கறுப்புச் சதுரங்களாகச் சிப்புகள் இருக்கும். 4 ஜிபி ரேமை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். பழைய விதத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப். புதிய விதத்தில் ஒரு பக்கம் மட்டும் 8 சிப், ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கொள்ளளவு. ஜி41-க்கு அந்தப் பெரிய சிப்பைப் படிக்கத் தெரியாது. கடையில் செருகியது 8 சிப் ரேம். 16 சிப் உள்ள ஒரு பழைய 4 ஜிபி ரேமைத் தேடிப்பிடித்துப் போட்டோம். 2-உம் 4-உம் சேர்ந்து 6 ஜிபி. வகுப்பும் ஓடுகிறது, டேலியும் ஓடுகிறது. அந்த மனு அப்படியே திரும்பப் பெறப்பட்டது. கடைக்காரர் வேண்டுமென்றே சொன்னார் என்று நாங்கள் நினைக்கவில்லை. இந்த நுணுக்கம் தெரியாத மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்கிறார்கள். எச்61, எச்81 போர்டுகளில் இந்தத் தொல்லை கிடையாது. டிடிஆர் 2-இலும் இதுபோல ஒன்று உண்டு: ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் 4 ஜிபி ரேம் மலிவாகக் கிடைக்கும், இன்டெல் போர்டில் அது ஓடாது.

ஆகையால், யாராவது மதர்போர்டு போய்விட்டது என்றால், பழைய ரேமை மட்டும் வைத்து ஒரு முறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தாராளமாகக் கேளுங்கள்.

எவ்வளவு போடலாம்? 2 ஜிபி இருக்கும் வீட்டில் 4 ஆக்கினாலே கண்ணுக்குத் தெரியும். 4 இருந்தால் 8 ஆக்குங்கள்; பள்ளி, கல்லூரி, டேலி, வீடியோ அழைப்பு எல்லாவற்றுக்கும் அது போதும். 8-ஐ 16 ஆக்குவது, வீடியோ எடிட்டிங் செய்யும் பிள்ளை இருந்தாலொழிய, தேவையில்லாத செலவு என்றே சொல்வோம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டம் படம் காட்டுவதற்கும் ரேமிலிருந்தே ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒரே அளவில் இரண்டு ரேம் போட்டால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் வேகமாக ஓடும். அதற்காக இருக்கிற நல்ல ரேமைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பழைய ரேம் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ரேமில் தேய்கிற உறுப்பு எதுவும் இல்லை. டிடிஆர் 2 புதிதாகக் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் விலை கூடுதலாகச் சொல்வார்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். சென்னை போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் பார்த்து வரச் சொல்லலாம். ஓடவில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பென் டிரைவை ரேமாக மாற்றலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். விண்டோஸில் அப்படி ஒரு வசதி இருப்பது உண்மைதான், ஆனால் அது ரேம் ஆகாது. சாமான் அறையை இன்னொரு இடத்தில் திறப்பது போலத்தான். ரேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்று வரும் மென்பொருள்களைப் போடவே வேண்டாம். அவையும் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கும், சிலவற்றோடு வேண்டாததும் சேர்ந்து வரும்.

தாய்மார்கள் எங்களிடம் தனியாக வந்து கேட்கும் ஒரு விஷயத்தைப் பொதுவாகவே சொல்லிவிடுகிறோம். சிஸ்டத்தைக் கடையில் விட்டால் அதில் உள்ள குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ, பெண் பிள்ளைகளின் படங்கள் என்ன ஆகும்? நியாயமான கவலை. இதற்காகவே ஹேங் ஆகும் சிஸ்டத்தை வருடக் கணக்கில் சரிபார்க்காமல் வைத்திருக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். படங்கள் எல்லாம் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். ரேமில் எதுவும் தங்காது. மின்சாரம் நின்றதும் அதில் இருந்தது போய்விடும். ஆகவே பழைய ரேமை விற்பதாலோ, மாற்றிக்கொள்வதாலோ, பிறருக்குக் கொடுப்பதாலோ உங்கள் படம் ஒன்றுகூட வெளியே போகாது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் அப்படிக் கொடுத்துவிடாதீர்கள்.

ரேம் மாற்றுவதற்கு ஹார்டு டிஸ்க்கைத் தொட வேண்டியதே இல்லை. பாஸ்வேர்டு சொல்ல வேண்டியதில்லை. "ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்கள்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கால் மணி நேர வேலை இது, நின்று பார்த்து வாங்கி வரலாம். கடைக்குக் கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி, அதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு மீதியைக் கொண்டு போங்கள். ரேம் ஏற்கப்படுகிறதா என்று பார்க்க ஹார்டு டிஸ்க் தேவையில்லை, முதல் திரையிலேயே தெரிந்துவிடும்.

அதைவிட நல்லது, வீட்டிலேயே செய்வது. எங்கள் குழுவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கல்லூரி படிக்கும் பெண் பிள்ளைகள்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு கட்டை விரல், அவ்வளவே வேண்டும்.

சிஸ்டத்தை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, வயரையே உருவிவிடுங்கள். உருவிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியை மேசையில் படுக்க வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ரேமைத் தொடும் முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்காது, சிப்புக்கு உறைக்கும். ரேமை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், தங்கக் கோடுகளில் கை படக் கூடாது.

ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள வெள்ளைக் கிளிப்புகளை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சில போர்டில் ஒரு முனையில் மட்டும் இருக்கும். ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டுக்கு நேராக வருகிறதா பார்த்து, செங்குத்தாக வைத்து, இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். டக்கென்று சத்தம் வரும், கிளிப்புகள் தானே மூடிக்கொள்ளும். நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தம் தேவைப்படும். ஆனால் வெட்டு நேராக இல்லாமல் அழுத்தத்தால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். கோணலாக உட்கார்ந்த ரேமில் மின்சாரம் பாய்ந்தால் ரேமும் கெடலாம், ஸ்லாட்டும் கெடலாம்.

போட்டதும் திரை வராமல் பீப் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்று பொருள். மறுபடி வயரை உருவி, எடுத்துப் போடுங்கள். நமது கடற்கரை ஊர். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அந்தக் கோடுகள் மங்கிவிடுகின்றன. மெதுவான பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, ரப்பர் துகளைத் தட்டிவிட்டுச் செருகினால், செத்துப்போனது என்று மூலையில் வைத்த சிஸ்டம்கூட எழுந்திருக்கிறது. புதிய ரேமே வாங்காமல் இந்த ரப்பராலேயே சரியான சிஸ்டங்களும் உண்டு. அப்படியும் வரவில்லையென்றால், ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டு எது ஓடவில்லை என்று பாருங்கள்.

எழுந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் விண்டோஸிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அதை ஒரு முறை ஓட விடுங்கள். பழைய ரேம் என்றால் கட்டாயம் செய்யுங்கள், கடைக்காரர் சொன்ன நாளுக்குள். கெட்ட ரேம் எப்போதும் நீலத்திரை காட்டி நிற்காது. சில நேரம் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுத்துவிடும். மூன்றாவது வருட புராஜெக்ட் அதில் இருக்கும்.

ரேம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் போதும் என்றாலும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. எச்61, எச்81 சிஸ்டத்தில் எத்தனை ஜிபி போட்டாலும் அந்தத் தகுதி வராது. அப்படிப்பட்ட சிஸ்டத்தில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறோம். இலவசம், 4 ஜிபியில் நன்றாக ஓடும், ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம், தமிழ்த் தட்டச்சு எல்லாம் செய்யலாம். டேலி மட்டும் விண்டோஸ் கேட்கும். டேலிதான் பிழைப்பு என்ற வீட்டுக்கும், மதர்போர்டு உண்மையிலேயே போன வீட்டுக்கும், ஜி31-இல் 4 ஜிபி போட்டும் தவழும் வீட்டுக்கும் கடன் மனுவை நாங்களே பரிந்துரைக்கிறோம். தயங்காமல் கொடுங்கள்.

தேதி தானே 2009, 2010 என்று பின்னால் போய், எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு ரேம் வேண்டாம். மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று எண் போட்டிருக்கும். பழையதை எடுத்துப் புதிதைப் போட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.

நமது அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். ரேம் மாற்றும்போது மிஞ்சும் 1 ஜிபி, 2 ஜிபி ரேம்களை ஒரு தாளில் சுற்றி அதில் போடுங்கள். வேறொரு வீட்டுக்கு அது போதுமானதாக இருக்கும். 16 சிப் உள்ள 4 ஜிபி டிடிஆர் 3 யாரிடமாவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள், மூன்று வீடுகள் காத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு குழுவினர் இருப்பார்கள், பெண்களுக்குத் தனி நேரம் மஃரிபுக்கு முன். சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். டாஸ்க் மேனேஜர் மெமரி திரையை ஒரு படம், மதர்போர்டில் உள்ள பெயரை ஒரு படம், ரேம் ஸ்டிக்கரை ஒரு படம், இந்த மூன்றையும் கைபேசியில் கொண்டு வந்தால் எது வாங்க வேண்டும், வாங்க வேண்டுமா என்று எழுதித் தந்துவிடுவோம். அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள்.